புதிய சிற்றினங்கள் தோன்றிய வரலாற்றைக் கண்டறிவது எப்படி? நிலப்படத்தையும் மரபணுவையும் சேர்த்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சிற்றினம் இரண்டாகப் பிரிவதைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணால் பார்ப்பது மிக அரிது. பெரும்பாலான உயிரினங்களில் அது பல்லாயிரம் ஆண்டுகளிலிருந்து பல இலட்சம் ஆண்டுகள் வரை நீளும் நிகழ்வு. நடந்து முடிந்ததைத் தெரிந்துகொள்ள நம்மிடம் முதன்மையாக இரண்டு தடயங்கள் உள்ளன: இன்று எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்பது ஒன்று, அதன் உயிரணுக்களில் தங்கியிருக்கும் டி.என்.ஏ. மற்றொன்று. போர்னியோவின் சரவாக்கில் தங்கியிருந்த இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1855-இல் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு சிற்றினமும் தனக்கு நெருங்கிய உறவுடைய வேறொரு சிற்றினம் முன்பே வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றியிருக்கிறது என்ற விதியை முன்வைத்தார். அப்போது அவர் கையில் இருந்தது பரவல் பற்றிய அறிவு மட்டுமே. அதைக் கொண்டே அவ்வளவு தூரம் செல்ல முடிந்தது என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது. ஆனாலும் அந்தப் பிரிவு எப்போது நேர்ந்தது, எந்த வழியில் நேர்ந்தது, பிரிந்தவை மீண்டும் கலந்தனவா என்ற கேள்விகளுக்கு நிலப்படம் மட்டும் விடை தராது.

மரபணுவும் தனியாக நின்றால் ஏமாற்றக்கூடியதே. நிலவியலைப் பார்த்து ஓர் எதிர்பார்ப்பை முன்கூட்டியே எழுதிவைத்து, அது தவறு என்று மரபணுத் தரவு காட்டுவதற்கு உண்மையான வாய்ப்பை அளிக்கும்போதுதான் இத்துறையின் முடிவுகள் உறுதி பெறுகின்றன. கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த ஒரு நோக்கத்தையே கொண்டவை. ஆய்வில் இறங்கும் மாணவர்களுக்கும், வெளிவரும் ஆய்வு முடிவுகளைத் தாமே எடைபோட விரும்பும் வாசகர்களுக்கும் இவை பயன்படும்.

படி 1: எதைத் தனிச் சிற்றினம் என்று கொள்கிறோம் என்பதை முடிவு செய்தல்

பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் அளித்த வரையறையின்படி, தமக்குள் இனப்பெருக்கம் செய்துகொண்டு, பிற கூட்டங்களிலிருந்து இனப்பெருக்க அளவில் தனித்து நிற்கும் கூட்டமே சிற்றினம். பாலினப் பெருக்கம் இல்லாத உயிர்களுக்கு இது பொருந்தாது. ஒன்றையொன்று சந்திக்கவே வாய்ப்பில்லாத தீவுக் கூட்டங்களுக்கு இதைப் பொருத்துவதும் கடினம். இருந்தாலும் தொடக்கப் புள்ளியாக இதைக் கொள்வதே நல்லது. ஏனெனில் இந்த வரையறை, கூட்டங்களுக்கு இடையே மரபணுக்கள் பாய்கின்றனவா, பாயவில்லையா என்ற அளக்கத்தக்க கேள்வியை நம்முன் வைக்கிறது.

அந்தத் தடை எப்படி உருவாகிறது என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரே கூட்டம் இரண்டாகப் பிரிந்து நெடுங்காலம் தனித்தனியே வாழும்போது, ஒரு பக்கத்தில் ஒரு மரபணுவிலும் மறுபக்கத்தில் வேறொரு மரபணுவிலும் திடீர்மாற்றங்கள் நிலைபெறுகின்றன. அவை ஒவ்வொன்றும் தத்தம் கூட்டத்தில் தீங்கற்றவை. ஆனால் இரண்டும் ஒரே உடலில் சேர்ந்து இயங்குமா என்பதை இயற்கைத் தேர்வு ஒருபோதும் சோதித்ததில்லை. பின்னாளில் கலப்பினக் குட்டி பிறந்தால் அதன் உடலில்தான் அவை முதன்முறையாகச் சந்திக்கின்றன. அந்தச் சேர்க்கை பொருந்தாவிட்டால் குட்டி நலிவடையும், அல்லது மலடாகும். டோப்ழான்ஸ்கி, முல்லர் ஆகிய இரு மரபியலாளர்களின் பெயரால் அறியப்படும் இவ்விளக்கமே நிலவியலையும் மரபியலையும் இணைக்கும் அச்சாணி.

படி 2: பரவலை வரைந்து, எதிர்பார்ப்பை எழுதிவைத்தல்

நெருங்கிய உறவுடைய உயிர்கள் வாழும் இடங்களை ஒரே படத்தில் குறித்து, அவற்றின்மேல் மலை, ஆறு, கடல், காலநிலை எல்லை ஆகியவற்றைப் பதியுங்கள். பரவலின் எல்லையும் நிலத்தின் எல்லையும் எங்கே ஒன்றாகப் பொருந்துகின்றன, எங்கே பொருந்தவில்லை என்பதே முதல் செய்தி. இந்தோனேசியத் தீவுகளான பாலிக்கும் லொம்போக்குக்கும் இடையிலான நீரிணை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் அகலம்தான். ஆனால் அதன் இரு கரைகளிலும் வாழும் விலங்குகளின் தொகுதிகள் வெகுவாக வேறுபடுகின்றன. பனிக்காலங்களில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் இறங்கியபோது பாலி ஆசிய நிலப்பரப்புடன் இணைந்தது; ஆழமான அந்த நீரிணை மட்டும் வற்றவே இல்லை. எனவே இன்றைய படத்தோடு நின்றுவிடாமல் பழைய கடல்மட்டங்கள், பனிப்பாறைகளின் விரிவு, ஆறுகளின் பழைய போக்கு ஆகியவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும்.

அதன்பின் எதிர்பார்ப்புகளை எழுத்தில் வையுங்கள். தடையே பிரிவுக்குக் காரணம் என்றால், தடையின் இருபுறமும் இருப்பவை ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவினர்களாக இருக்க வேண்டும்; பிரிவின் காலம் தடை உருவான காலத்தை ஒட்டி அமைய வேண்டும்; அதே தடையின் இருபுறமும் வாழும் வேறு உயிர்களிலும் அதே பிரிவு தெரிய வேண்டும். மாறாக, தடை பழையதாகவும் பிரிவு புதியதாகவும் இருந்தால், சில உயிர்கள் எப்படியோ அதைக் கடந்து சென்று மறுகரையில் புதிய கூட்டத்தைத் தொடங்கின என்று பொருள். தரவு கைக்கு வந்த பிறகு எழுதப்படும் எதிர்பார்ப்புக்கு மதிப்பில்லை.

படி 3: மாதிரிகளை எங்கே எடுப்பது

பல ஆய்வுகள் பிழைபடுவது இந்தப் படியில்தான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அருகருகே வாழ்பவை தமக்குள் அதிகம் இனப்பெருக்கம் செய்கின்றன, தொலைவில் வாழ்பவை குறைவாகச் செய்கின்றன. அதனால் எந்தத் தடையும் இல்லாத நிலப்பரப்பிலும் தூரம் கூடக்கூட மரபணு வேறுபாடும் கூடுகிறது. இதை மரபியலாளர் ஸூவல் ரைட் 1943-இல் கணித வடிவில் விளக்கினார். இப்படிப் படிப்படியாக மாறும் ஒரு கூட்டத்தின் இரு முனைகளில் மட்டும் மாதிரி எடுத்தால், கணினி நிரல்கள் அவற்றைத் தெளிவான இரு குழுக்களாகவே பிரித்துக் காட்டும். அந்தப் பிரிவை உண்டாக்கியது இயற்கையன்று, இடையில் நாம் விட்டுவிட்ட வெற்றிடம்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மாதிரி எடுத்த இடங்களை இரண்டிரண்டாக இணைத்து, ஒவ்வோர் இணைக்கும் நிலத்தூரத்தைக் கிடை அச்சிலும் மரபணு வேறுபாட்டை நெடு அச்சிலும் குறியுங்கள். தடையின் ஒரே பக்கத்தில் உள்ள இணைகளுக்கு ஒரு நிறமும், தடைக்கு இருபுறமும் அமையும் இணைகளுக்கு வேறொரு நிறமும் கொடுங்கள். இரு நிறப் புள்ளிகளும் ஒரே சாய்கோட்டில் விழுந்தால், நீங்கள் காண்பது தூரத்தின் விளைவு மட்டுமே. ஒரே தூரத்தில் இருந்தும் தடையைத் தாண்டிய இணைகள் கோட்டுக்கு மேலே தனியே நின்றால், அந்தத் தடைக்கு உண்மையான ஆற்றல் உண்டு. சில கிலோமீட்டர் இடைவெளியில் தடையின் இரு பக்கமும் எடுத்த மாதிரிகள் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

இடைப்பட்ட இடங்களின் மதிப்பை நன்கு காட்டுவது பச்சைக் கதிர்க்குருவியின் வரலாறு. திபெத்தியப் பீடபூமியைச் சுற்றி வளையம்போல் வாழும் இந்தப் பறவை, மத்திய சைபீரியாவில் இரு வடிவங்களாகச் சந்திக்கிறது. அங்கே மட்டும் பார்த்தால் பாடல் வேறு, நடத்தை வேறு, தம்முள் பெரும்பாலும் இணைசேராதவை. ஆகவே இரண்டு சிற்றினங்கள் என்றே சொல்வோம். தெற்கே இமயமலை வழியாகச் சுற்றிவந்து மாதிரி எடுத்தாலோ, பாடலும் மரபணுவும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிறிது சிறிதாக மாறிச் செல்வது தெரியும். மரபணுத் தொகுதி (ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏ.) முழுவதையும் ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, அந்த வளையத்திலும் பழங்கால முறிவுகள் இருந்ததையும், சைபீரிய வடிவங்களுக்கு இடையே சிறிது கலப்பு நடந்திருப்பதையும் காட்டி, அழகான அந்தக் கதையைத் திருத்தியது.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஓரிடத்தில் ஐம்பது உயிர்கள் என்பதைவிட ஐந்து ஐந்தாகப் பத்து இடங்கள் என்பதே சிறந்தது. ஓர் உயிரின் மரபணுத் தொகுதியிலேயே பல்லாயிரம் தனித்தனிச் சான்றுகள் கிடைப்பதால், இன்று நமக்குப் பற்றாக்குறையாக இருப்பவை இடங்களே.

படி 4: எந்த டி.என்.ஏ.வைப் படிப்பது

விலங்குகளில் நீண்டகாலம் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வே, அதாவது உயிரணுவில் உட்கருவுக்கு வெளியே உள்ள ஆற்றல் தரும் உறுப்புகளின் டி.என்.ஏ.வே, முதல் தேர்வாக இருந்தது. முதுகெலும்பிகளில் சுமார் 16,500 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) மட்டுமே கொண்ட அது பிரித்தெடுக்க எளிது, வேகமாக மாறுவது, தாய்வழி மட்டுமே வருவதால் கூட்டங்களின் பிரிவை விரைவில் காட்டுவது. ஆனால் எத்தனை எழுத்துகள் இருந்தாலும், முழுவதும் ஒன்றாகவே கடத்தப்படுவதால் அது ஒரே ஒரு சாட்சிதான். அலாஸ்காவின் அட்மிரல்ட்டி, பாரனோஃப், சிச்சகோஃப் தீவுகளில் வாழும் பழுப்புக் கரடிகளின் மைட்டோகாண்ட்ரியாவைப் பார்த்தால், அவை பிற பழுப்புக் கரடிகளைவிடப் பனிக்கரடிகளுக்கே நெருக்கமானவை. உட்கரு டி.என்.ஏ.வோ அவை பழுப்புக் கரடிகளே என்று உறுதியாகக் கூறுகிறது. முன்பு அத்தீவுகளில் பனிக்கரடிகள் வாழ்ந்ததும், பின்னர் நிலப்பகுதியிலிருந்து ஆண் பழுப்புக் கரடிகள் தலைமுறை தலைமுறையாக வந்து கலந்ததும், தாய்வழி அடையாளம் மட்டும் எஞ்சி நின்றதும் இதற்கான சிறந்த விளக்கம். மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் நம்பியிருந்தால் உறவையே தலைகீழாக எழுதியிருப்போம். எனவே உட்கருவின் ஆயிரக்கணக்கான இடங்களைப் படியுங்கள். மைட்டோகாண்ட்ரியாவையும் விட்டுவிடாதீர்கள், ஏனெனில் இரண்டும் முரண்படும் இடத்தில்தான் பெரும்பாலும் வரலாறு ஒளிந்திருக்கிறது.

படி 5: வம்ச மரத்தை வரைதல்

எது எதிலிருந்து எந்த வரிசையில் பிரிந்தது என்பதைக் கிளைகளாகக் காட்டும் படமே வம்ச மரம். ஒரு மரபணுவின் மரம் வேறு, சிற்றினங்களின் மரம் வேறு. மூதாதைக் கூட்டத்தில் ஒரே மரபணுவின் பல வடிவங்கள் உலவியிருக்கும். அடுத்தடுத்து விரைவாகப் பிரிவுகள் நேர்ந்தால், எந்த வடிவம் எந்தக் கிளைக்குப் போய்ச் சேரும் என்பது பெரிதும் தற்செயலானது. மனிதனுக்கு மிக நெருங்கிய உறவு சிம்பன்சி என்பதில் ஐயமில்லை. ஆனாலும் 2012-இல் வெளியான கொரில்லா மரபணுத் தொகுதியின் ஆய்வில், தொகுதியின் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் மனிதனும் சிம்பன்சியும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பதைவிட, அவற்றில் ஏதாவது ஒன்று கொரில்லாவுக்கு அதிகம் நெருங்கியிருந்தது. ஆகவே பல மரபணு மரங்களை வரைந்து, இந்தத் தற்செயலையும் கணக்கில் கொள்ளும் முறைகளால் சிற்றின மரத்தை மதிப்பிட வேண்டும். ஒரே மரத்தை மட்டும் காட்டி முடிவு சொல்லும் கட்டுரைகளை எச்சரிக்கையோடு படியுங்கள்.

படி 6: காலத்தைக் கணித்தல்

திடீர்மாற்றங்கள் சேரும் வேகம் தெரிந்தால், இரு கிளைகளுக்கு இடையிலான வேறுபாட்டிலிருந்து பிரிந்த காலத்தைக் கணிக்கலாம். அந்த வேகத்தை எங்கிருந்து பெறுவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. தொல்லுயிர் எச்சங்கள் ஒரு வழி. நாள் தெரிந்த நிலவியல் நிகழ்வுகள் மற்றொரு வழி. பனாமா நிலப்பாலம் ஏறத்தாழ 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முழுமையடைந்து, கரீபியக் கடலையும் பசிபிக்கையும் பிரித்தது. இரு கடல்களிலும் இணை இணையாக வாழும் உயிர்கள் அன்றுதான் பிரிந்தன என்று எடுத்துக்கொண்டால் வேகம் எளிதாகக் கிடைத்துவிடும்.

அந்த எளிமையை அல்ஃபியஸ் இறால்கள் கலைத்தன. கொடுக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பும் இவற்றில், நிலப்பாலத்தின் இருபுறமும் வாழும் ஏழு இணைகளைக் கடல் உயிரியலாளர் நான்சி நோல்ட்டனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 1993-இல் முடிவுகளை வெளியிட்டனர். தடை ஒன்றே என்பதால் ஏழு இணைகளும் ஒரே அளவு வேறுபட்டிருக்க வேண்டும். அவை அப்படி இல்லை. நான்கு இணைகள் குறைவாகவும் மூன்று இணைகள் கூடுதலாகவும் வேறுபட்டிருந்தன. இரு கடல்களின் இறால்களை ஒரே தொட்டியில் விட்டபோது அவை காட்டிய சகிப்பின்மையும் மரபணு வேறுபாட்டுக்கு ஏற்பவே கூடியது. நிலப்பாலம் முழுதாக எழுவதற்குப் பல பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே, கடல் ஆழம் குறைந்து சூழல் மாறியதால், அந்த மூன்று இணைகளின் தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அவர்கள் கண்ட விளக்கம். கரையோரச் சதுப்புநிலத்தில் வாழும் இறாலுக்குக் கடைசிக் கால்வாய் மூடப்படும்வரை பாதை திறந்திருக்கும். தெளிந்த ஆழமான நீரை நாடும் இறாலுக்கு அது எப்போதோ அடைபட்டிருக்கும். ஆகவே தடை உருவான நாளை அப்படியே பிரிவின் நாளாகக் கொள்ளாமல், அந்தத் தடை அந்த உயிருக்கு எப்போது தடையாயிற்று என்று கேட்க வேண்டும்.

தடை மிகப் பழையதாக இருக்கும் நிலைக்கு ஆப்பிரிக்காவின் காங்கோ ஆறு நல்ல சான்று. ஆற்றுக்குத் தெற்கே சிம்பன்சிகளின் நெருங்கிய உறவினர்களான போனபோக்களும் வடக்கே சிம்பன்சிகளும் வாழ்கின்றன. மரபணுக்கள் காட்டும் பிரிவு ஏறத்தாழ 10 முதல் 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஆறோ அதைவிடப் பன்மடங்கு பழையது என்று படிவு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே ஆறு நடுவில் பாய்ந்து ஒரு கூட்டத்தைப் பிளக்கவில்லை. நீர் வற்றிய ஏதோ ஒரு காலத்தில் சில குரங்குகள் அதைக் கடந்திருக்க வேண்டும். போனபோவின் மரபணுச் சுவடுகள் சில சிம்பன்சிக் கூட்டங்களில் காணப்படுவதால், அந்தக் கடத்தல் ஒருமுறையோடு நின்றுவிடவில்லை என்பதும் புலனாகிறது.

படி 7: எல்லையில் மரபணு பாய்வதை அளத்தல்

பிரிந்த கூட்டங்கள் மீண்டும் சந்திக்கும் பகுதி, இயற்கை நமக்காக நடத்தி வைத்திருக்கும் சோதனை. அங்கே குறுக்காக ஒரு கோடு வரைந்து, வழிநெடுக மாதிரி எடுத்து, ஒவ்வொரு மரபணு வடிவமும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகப்போக எவ்வளவு தூரத்தில் மாறுகிறது என்று பாருங்கள். உயிர்கள் அதிகம் நடமாடினால் அந்த மாற்றம் அகலமாகப் பரவும். கலப்பினங்களை இயற்கைத் தேர்வு கடுமையாக நீக்கினால் அது குறுகும். போலந்தின் கிராக்கோவ் அருகே, தாழ்நிலக் குளங்களில் வாழும் சிவப்பு வயிற்றுத் தேரையும், மேட்டுநிலத்தில் வாழும் மஞ்சள் வயிற்றுத் தேரையும் கலக்கும் பகுதி ஏறத்தாழ 6 கிலோமீட்டர் அகலமே உள்ளது. இரண்டும் பனிக்காலத்துக்குப் பின் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சந்தித்து வந்தும் அது விரியவில்லை என்றால், கலப்பினங்கள் தொடர்ந்து நலிவடைகின்றன என்று பொருள்.

ஐரோப்பாவின் காகங்கள் இதைவிடவும் வியப்பான பாடத்தைத் தருகின்றன. மேற்கே முழுக்கக் கறுத்த காகமும், கிழக்கிலும் வடக்கிலும் சாம்பல் நிற உடல் கொண்ட காகமும் வாழ்கின்றன. இரண்டும் ஜெர்மனி வழியாகவும் ஆல்ப்ஸ் மலையை ஒட்டியும் செல்லும் குறுகிய பட்டையில் கலக்கின்றன. கலப்பினக் காகங்கள் இனப்பெருக்கத் திறன் உள்ளவை. 2014-இல் வெளியான ஆய்வில் இரு வகைகளின் மரபணுத் தொகுதிகளை முழுமையாக ஒப்பிட்டபோது, ஒன்றில் ஒரு வடிவமும் மற்றொன்றில் வேறு வடிவமும் முழுவதுமாக நிலைபெற்றிருந்த இடங்கள் 82 மட்டுமே. அவற்றில் 81, 18-ஆவது குரோமோசோமில் இருபது இலட்சம் எழுத்துகளுக்கும் குறைவான ஒரே துண்டில் குவிந்திருந்தன. இறகின் நிறத்தோடும் பார்வையோடும் தொடர்புடைய மரபணுக்கள் அந்தத் துண்டில் உள்ளன. தொகுதியின் எஞ்சிய பகுதியில், ஜெர்மனியின் கறுத்த காகங்கள் ஸ்பெயினின் கறுத்த காகங்களைவிடச் சாம்பல் காகங்களுக்கே நெருக்கமாக இருந்தன. அதாவது மரபணுக்கள் எல்லையைத் தாண்டித் தாராளமாகப் பாய்கின்றன. நிறத்தைத் தீர்மானிக்கும் பகுதி மட்டும் கடக்க மறுக்கிறது. தன் நிறத்தை ஒத்த துணையைத் தேடும் போக்கே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. சிற்றினங்களின் எல்லை உடல் முழுவதையும் சுற்றிய சுவராக இல்லாமல், மரபணுத் தொகுதியின் சில இடங்களில் மட்டும் எழும் தடையாகவும் இருக்கலாம் என்பதை இந்தக் காகங்கள் எனக்கு உணர்த்தின.

தொடர்பு அறுந்து வெகுகாலம் ஆன கூட்டங்களில், பழங்காலக் கலப்பைக் கண்டறிய நான்கு கிளைச் சோதனை உதவும். இரு உறவினர்களில் ஒன்று மட்டும் தொலைவான மூன்றாவது கூட்டத்தோடு எதிர்பார்த்ததைவிட அதிகமான மரபணு வடிவங்களைப் பகிர்ந்துகொண்டால், அது தற்செயலன்று, கலப்பின் சுவடு. ஒப்பீட்டுக்காக நிற்கும் நான்காவது கிளை, எந்த வடிவம் பழையது என்பதைக் காட்டித் தருகிறது. நியாண்டர்தால் மனிதர்களோடு நிகழ்ந்த கலப்பு 2010-இல் வெளிப்பட்டதும் இத்தகைய ஒப்பீட்டால்தான்.

படி 8: தடையே இல்லாமல் பிரிந்திருக்குமா என்று கேட்டல்

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ள லார்டு ஹவ் தீவு 16 சதுர கிலோமீட்டருக்கும் குறைவானது. அங்கே மட்டுமே இயற்கையாக வளரும் ஹோவியா இனத்தின் இரு சிற்றினப் பனைகளும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவினர்கள் என்று 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. காற்றால் மகரந்தம் பரவும் அந்த மரங்களை அவ்வளவு சிறிய தீவில் நிலவியல் பிரித்திருக்க வழியில்லை. ஒன்று சுண்ணாம்பு நிலத்தை ஏற்றுக்கொண்டது, மற்றது எரிமலை மண்ணில் தங்கியது; பூக்கும் காலம் சில வாரங்கள் விலகியது; அதுவே தடையாயிற்று.

இத்தகைய முடிவுக்கு வருமுன், இதற்கு மாறான விளக்கங்கள் ஒவ்வொன்றும் விலக்கப்பட்டுவிட்டனவா என்று பார்க்க வேண்டும். காமரூனின் பரோம்பி எம்போ எரிமலைவாய் ஏரியில் வாழும் 11 சிக்லிட் மீன் சிற்றினங்கள், மைட்டோகாண்ட்ரியாச் சான்றின்படி, ஒரே மூதாதையிலிருந்து ஏரிக்குள்ளேயே தோன்றியவை என்று நீண்டகாலம் கொள்ளப்பட்டன. 2015-இல் மரபணுத் தொகுதி அளவில் பார்த்தபோது, வெளியிலிருந்து பின்னரும் மீன்கள் வந்து கலந்திருந்தது தெரிந்தது. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஒருமுறை மட்டுமே குடியேற்றம் நடந்தது என்பதை மரபணுவே உறுதி செய்ய வேண்டும்.

கலப்பும் புதிய வம்சத்தைத் தொடங்கி வைக்கலாம். பசிபிக் பெருங்கடலின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த டாஃப்னி மேஜர் தீவுக்கு 1981-இல் பெரிய உடலும் வேறுபட்ட பாடலும் கொண்ட ஓர் ஆண் குருவி வந்து, உள்ளூர்ச் சிற்றினப் பெண்ணோடு இணைந்தது. உயிரியலாளர்கள் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் அதன் வழித்தோன்றல்களைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தனர். அவை விரைவிலேயே தமக்குள் மட்டும் இணைசேரத் தொடங்கின. முதல் குருவி எங்கிருந்து வந்தது என்பதை 2017-இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வுதான் தீர்த்துவைத்தது: நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள எஸ்பனோலா தீவிலிருந்து. நாற்பது ஆண்டுக்கால நேரடிக் கவனிப்பு இருந்தும் விடை காண முடியாத ஒரு நிலவியல் கேள்விக்கு, ஒரு துளி இரத்தம் விடை தந்தது.

படி 9: ஒரே கேள்வியைப் பல இடங்களில் கேட்டல்

ஓர் எல்லையில் கிடைத்த விடை அந்த எல்லைக்கு மட்டுமே உரியதா, அல்லது பொதுவானதா என்பதை அறிய, அதே வகை உயிர்களின் வேறு சந்திப்புப் பகுதிகளையும், அதே தடையின் இருபுறமும் வாழும் வேறு உயிர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பனாமாவில் ஏழு இணைகளை எடுத்ததால்தான் காலங்கள் வேறுபட்டது தெரிந்தது. ஓர் இணையோடு நின்றிருந்தால் தவறான ஒரு வேகமே எஞ்சியிருக்கும். காகங்களிலும் இதே சோதனை நடந்தது. சைபீரியாவிலும் அதற்குக் கிழக்கிலும் சாம்பல் காகமும் கறுத்த காகமும் அவற்றின் உறவினர்களும் சந்திக்கும் பகுதிகளில் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து 2016-இல் முடிவுகள் வெளியாயின. நிறவேறுபாடு கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்தாலும், ஐரோப்பிய எல்லையில் உயர்ந்து நின்ற 18-ஆவது குரோமோசோம் துண்டு மற்ற எல்லைகளில் அதே வடிவில் நிற்கவில்லை. நிறத்தோடு தொடர்புடைய மரபணுக்கள் அங்கும் வேறுபட்டிருந்தன, ஆனால் பெரும்பாலும் வேறு வேறு இடங்களில்.